புளிக்கடை வீடியோவில் இருப்பது உன் அம்மா

என் மகனுக்கு,

உன் மூத்த மகள் சௌமியா தேர்வெழுதித் தேறி, கிருஷ்ணகிரியில் வங்கி அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறாள். நம் வம்சத்தில் கடன் கேட்காமல் வங்கிக்குள் நுழைந்த முதல் ஆள் அவள்தான். உன் சின்னவன் தினேஷ் கல்லூரிப் படிப்பு முடிவதற்குள்ளேயே ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு நம் புளியை மதுரைக்கும் மும்பைக்கும் அனுப்புகிறான். உன் தங்கை செல்வியின் மகன் கார்த்தி ஓசூர்க் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் கட்டிக்கொண்ட பெண் தெலுங்கு பேசுகிற வீட்டிலிருந்து வந்தவள். இப்போது என்னோடு என் தமிழிலேயே சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். அவர்களுடைய குட்டி இரண்டு பாஷையிலும் அடம் பிடிக்கிறது. செல்வியின் மகள் நந்தினி சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஊசி போட்டால், போட்டாளா இல்லையா என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா அம்மா என்று கேட்பாய். தெரிந்தவன் செய்கிற வேலையா நீ செய்தது என்று நான் கேட்கிறேன். இரண்டு பிள்ளை பெற்று, நாலு பேரப்பிள்ளை எடுத்து, கொள்ளுப்பேத்தியையும் இடுப்பில் வைத்த ஒருத்தியை நாதியில்லாதவள் என்று ஊர் நம்புகிறது. நம்பட்டும் என்று நீ விட்டு வைத்திருக்கிறாய். அரூருக்கு, செல்வி வீட்டுக்கு வந்ததிலிருந்து சோறு இறங்கினாலும் மனசு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். லீவில் வந்திருக்கிற நந்தினி தப்பெழுத்தை மட்டும் திருத்தித் தருகிறாள்; சொல்லெல்லாம் என்னுடையது. மாப்பிள்ளை தர்மபுரிக்கு வரும்போது கொண்டு வருவார். ஒட்டாமல் திறந்தேதான் கொடுத்துவிடுகிறேன். உன் வீட்டுக்காரி படிக்கட்டும், தினேஷ் படிக்கட்டும், கொட்டை எடுக்கிற பெண்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டு.

வீடியோ போட்டதைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதே. பாப்பாரப்பட்டிச் சந்தையில் நான் கூவினால் ஓடுகிற பஸ்ஸில் இருக்கிறவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். உன் அப்பாவுக்கு வாய் கிடையாது. மரத்தைப் பார்த்தால் எவ்வளவு காய்க்கும் என்று சொல்லிவிடுவார். ஆனால் ஒரு ஆளைப் பார்த்து வா என்று கூப்பிட வராது. கூவுகிறது என் பங்கு. அதையே இன்றைக்குத் தினேஷ் கைப்பேசியில் செய்கிறான், அவ்வளவுதான். அதியமான்கோட்டையில் ரோட்டோரமாகக் கடையை மாற்றலாம் என்று நீ சொன்னபோது எல்லாரும் யோசித்தார்கள். சரி என்றது நான். வீடியோ போடலாம் ஆயா என்று தினேஷ் கேட்டபோது முதலில் தலையாட்டினதும் நான். அதனால் கிழவிக்குக் காலம் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க உனக்கு வழியில்லை.

முதல் வீடியோ எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு நான் சும்மாதான் கிடங்குக்கு வந்தேன். மாதம்மாவும் மற்றப் பெண்களும் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு உட்கார்ந்தால் என் கை சும்மா இருக்காது. ஒரு சுத்தியலை எடுத்து நானும் தட்ட ஆரம்பித்தேன். தினேஷ் கைப்பேசியை நீட்டி, "ஆயா, நல்ல புளின்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது, சொல்லுங்க" என்றான். எனக்கா வாய் அடைக்கும்? "தண்ணி தெளிச்சி எடை ஏத்தி விப்பானுங்க. வாங்கியாந்து வூட்டுல வச்சா நாலே நாள்ல பூஞ்சாணம் புடிச்சிக்கும். ஏமாறாதீங்க. நம்ம கடையில அந்த வேல கெடையாது, அப்படி இருந்தா எம்மூஞ்சிலயே கொண்டாந்து கொட்டுங்க" என்றேன். மாதம்மா பக்கத்திலிருந்து, "கொட்டிட்டாங்கன்னா அதையும் நாங்கதான் கூட்டணும்" என்று சொல்ல எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பும் வீடியோவில் விழுந்தது. அதற்குக் கீழே தினேஷ், "எங்க ஆயா உரிச்ச புளி" என்று எழுதினான். அதில் ஒரு தப்பும் இல்லை. நம் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவளும் ஆயா, அப்பாவைப் பெற்றவளும் ஆயா. வேறு எப்படி எழுதுவான் அந்தப் பிள்ளை?

தப்பு அந்தச் சொல் தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போனபிறகு வந்தது. சென்னையிலும் மதுரைப் பக்கத்திலும் ஆயா என்றால் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலைக்கு இருக்கிற அம்மாவாம். நந்தினிதான் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் போனில், "ஆயா, சாப்டீங்களா, ஆயா மருந்து போட்டீங்களா" என்று என்னைக் கேட்கும்போதெல்லாம், கூட இருந்த பெண்கள், "உங்க வீட்டு வேலைக்காரம்மா மேல உனக்கு எவ்ளோ பாசம்டீ" என்று மெச்சுவார்களாம். இவள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, எங்கள் பாட்டி என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைத்திருக்கிறாள். அவள் செய்ததைக் கவனித்தாயா? ஒரு வாக்கியம். எங்கள் பாட்டி. அதோடு விஷயம் முடிந்தது.

உனக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. வீடியோவுக்குக் கீழே ஆட்கள் திட்டினார்கள் என்கிறாய். இந்த வயதில் ஒரு ஆயாவை உட்காரவைத்து வேலை வாங்குகிறாயே, உன் அம்மாவாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்று கேட்டார்கள் என்கிறாய். அதைப் படித்தபோது நீ சிரித்திருக்க வேண்டும். அட, என் அம்மாதானப்பா அது என்று எழுதியிருந்தால் திட்டினவனும் சேர்ந்து சிரித்திருப்பான், புளியும் வாங்கியிருப்பான். ஆனால் நீ வேறொன்றைக் கவனித்தாய். திட்டுகிறவர்கள் வரவர வீடியோ இன்னும் நிறையப் பேருக்குப் போகிறது என்பதைக் கவனித்தாய். திட்டுகிறவர்களுக்கு நடுவே, பாவம் அந்த அம்மா, அவருக்காகவே வாங்குகிறேன் என்று சிலர் எழுதினதையும் கவனித்தாய். வியாபாரி மகன், கவனிக்காமல் இருப்பாயா?

இரண்டாவது வீடியோவுக்குப் பழைய புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னீர்கள். "அத்த, அது வேணாம், சாயம் போயி கெடக்குது" என்று உன் வீட்டுக்காரி தடுத்தாள். புளிக்கறை படிந்தால் நல்ல புடவை வீணாகும் என்று நான்தான் அதையே எடுத்துக் கட்டினேன். தினேஷ், "ஆயா, இந்தத் தடவ பேச வேணாம். கீழ பாத்துக்கிட்டே தட்டுங்க" என்றான். நான் பேசாமல் உட்கார்ந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். அதுகூடவா உங்களுக்குத் தெரியாது? ஏதோ பாட்டுப் போடுவான் போல என்று இருந்துவிட்டேன். பாட்டுத்தான் போட்டீர்கள். செத்த வீட்டில்கூட அப்படி ஒரு பாட்டைப் போட மாட்டார்கள். கீழே என்ன எழுதினீர்கள் என்பதை நீங்கள் இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை. பாத்திமா வந்துதான் சொன்னாள்.

பாத்திமாவை உனக்குத் தெரியும். அவள் வீட்டு மண்டிக்கு நாம் புளி போட ஆரம்பித்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். ஒரு நாள் மத்தியானம் பேரனோடு வந்தவள் வாசலிலேயே நின்று, "ஏங்க்கா, உங்களுக்கு யாருமே இல்லையாமே? சொல்லவே இல்லையே" என்றாள்.

"என்னாடி ஒளர்ற?"

"நானா ஒளர்றேன்? உங்க கடதான் சொல்லுது. இந்த வயதிலும் உழைத்துச் சாப்பிடும் ஆயா, இவருக்கு ஆதரவு தாருங்கள்னு போட்டிருக்குது. ஆதரவு குடுக்கலாம்னுதான் பிரியாணி கொண்டாந்தேன்."

பிரியாணிச் சட்டியை வைத்துவிட்டுப் பேரனின் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக அந்தப் பிள்ளை படித்தான். ஒருத்தர் எழுதியிருந்தார், பெற்ற பிள்ளைகள் நாசமாகப் போகட்டும் என்று. இன்னொருத்தர், கடை முதலாளி நல்லா இருக்கணும், தெய்வம் மாதிரி என்று. பாத்திமா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "யக்கா, ஒரே ஆளுதான் நாசமாவும் போறான், தெய்வமாவும் ஆவுறான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு முன்னால் வேறு என்ன செய்வது? அப்புறம் அந்தப் பிள்ளை இன்னொன்றைப் படித்தான். ஆயாவுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அதற்குக் கடையிலிருந்து ஒரு பதில் போயிருந்தது. எழுத்தில்லை. கைகூப்புகிற படம் ஒன்று. பாத்திமாவின் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. "இத உம்மவன் போட்டானா, பேரன் போட்டானா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். சாயந்திரம் தினேஷிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாதான் ஆயா" என்றான்.

உன்னிடம் கேட்டபோது நீ சொன்னது வார்த்தை மாறாமல் என் காதில் இருக்கிறது. "இதுல பொய் எங்கம்மா இருக்குது? நீங்க ஒழைச்சுச் சாப்புட்டவங்கதான? ஆயாதான? யாரும் இல்லன்னு நான் எங்கயாவது எழுதினேனா?" எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளை இல்லையா என்று கேட்டவளுக்குப் பிள்ளையே கையைக் கூப்பினால் அவள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட, பயல் பொய் சொல்கிறான் என்று நாலு அறை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். இதற்கு எங்கே அறைவது என்றே தெரியவில்லை.

மாதம்மாவும் மற்றவர்களும் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியாது. உன் முன்னால் பேச மாட்டார்கள். அவர்கள் நிஜமாகவே கூலிக்குக் கொட்டை தட்டுகிறவர்கள். மாதம்மா, "நாங்க வருசம் முச்சூடும் தட்டுறோம். எங்களப் பாத்து ஒருத்தரும் பாவம்னு எழுதலையே. நீங்க ஒரு நாள் வந்து ஒக்காந்தீங்க, ஒலகமே அழுவுது. அழுவுறதுக்குக்கூட முதலாளியம்மாதான் வேணும் போல" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் முகத்தை அன்றைக்கு என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவள் தங்கச்சி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைதான் பார்க்கிறாள். அந்த வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கும் மகன் இருக்கிறான். யாராவது கேட்டால், இது எங்கள் அம்மா என்றுதான் சொல்வான்.

இதற்கப்புறமும் நான் பெட்டியைக் கட்டவில்லை. உன்மேல் கோபம் இருந்தது, ஆனால் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும் என்றுதான் இருந்தேன். அந்தச் சென்னைப் புருசன் பெண்டாட்டி காரில் வந்து கடை முன்னால் இறங்கும்வரை.

நல்ல மனுசங்கள். அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. பெங்களூருக்குப் போகிறவர்கள் கிருஷ்ணகிரியிலிருந்து நம் பக்கம் திரும்பி, வீடியோவில் பார்த்த ஆயாவைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கையில் ஒரு புதுப் புடவையும் போர்வையும். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னோடு மரக் குத்தகை விஷயம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த ஆள் உன்னைப் பார்த்து, "ஆயா எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்காங்க சார்?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவான், சொல்லிவிட்டுச் சிரிப்பான், அவர்களுக்கும் காப்பி வாங்கிக் கொடுப்போம் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. எடைத்தட்டைத் துடைத்துக்கொண்டே, "நான் சின்னப் புள்ளையா இருந்தப்பலேர்ந்து எங்க கூடத்தான் சார் இருக்காங்க" என்றாய்.

அதுவும் பொய்யில்லை. நீ பிறந்த அன்றிலிருந்தே உன் கூடத்தான் இருக்கிறேன்.

அதோடு நிறுத்தினாயா? போர்வையை நான் வாங்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நீட்டின கை நீட்டினபடியே நின்றது. நீ என் பக்கம் திரும்பி, "வாங்கிக்கங்க ஆயா" என்றாய். ஆயா! உன் வாயில் அந்தச் சொல் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. நீ பேச ஆரம்பித்ததே அம்மா என்றுதான். கோபத்தில் ஏய் என்றிருக்கிறாய், குடித்துவிட்டு வந்த ஒரு தீபாவளிக்கு என் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டிருக்கிறாய். ஆயா என்று கூப்பிட்டதில்லை. அவர்கள் போனபிறகு கேட்டேன். "தினேஷ் கூப்புடுறதக் கேட்டுக் கேட்டுப் பழக்கத்துல வந்துட்டுதும்மா" என்றாய். பழக்கத்தில் வந்த சொல்லா, கணக்குப் போட்டு வந்த சொல்லா என்று பெற்றவளுக்குத் தெரியாதா? புடவையை உன் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன், போர்வையை மாதம்மாவிடம் கொடுத்தேன், மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் நடந்ததைச் செல்விக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். உனக்கும் தெரியட்டும். தீர்த்தமலைக்குப் போகிற கூட்டம், நிற்க இடமில்லை. ஒரு பெண் என்னை உற்று உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். "நீங்க அந்தப் புளி ஆயாதானங்க?" என்றாள். ஆமாம் என்றேன். உடனே பைக்குள்ளிருந்து புளிசாதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தாள். "சாப்புடுங்க. பெத்ததுங்க வுட்டுட்டுப் போனா என்ன, சாமி பாத்துக்கும்" என்றாள்.

"யாரும் வுட்டுட்டுப் போவலம்மா. அது எம்மவன் கடைங்க."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அப்படித்தான் ஆயா நெனைச்சுக்கணும். நல்ல மொதலாளி கெடைச்சா அவருந்தான் மகன்" என்றாள்.

"அய்ய, நெசமாவே நான் பெத்த மகன்" என்றேன். சுற்றி இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் கண்ணைக் காட்டி, வயசாகிவிட்டது, பாவம், மனசு அப்படி நினைக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினாள். சொன்னால் நம்ப வேண்டுமே. இருபது வருசம் மரத்தடியில் காய் பொறுக்கி, சந்தையில் கூவி, உன் அப்பா போனபிறகு தனியாகக் கடையை நடத்தி உன் கையில் கொடுத்தவள், என் மகன் என்று சொன்னால் புத்தி பேதலித்தவள் ஆகிறேன். அரூர் வரைக்கும் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். புளி நம்முடையதாகவே இருந்தாலும் இருக்கும்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இதை இனிமேல் நான் சொல்லித் திருத்த முடியாது. செல்வி சொல்ல முடியாது, தினேஷ் சொன்னாலும் விளையாட்டு என்பார்கள். நீ சொன்னால்தான் நான் உன் அம்மா. பத்து மாதம் சுமந்தவளுக்கு இப்படி ஒரு நிலைமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உன் கல்யாணத்தை நினைத்துப் பார்க்கிறேன். உன் அப்பா போய் ஒரு வருசம்கூட ஆகவில்லை. மண்டபத்தில் பெரியவர்கள் கூடி, தாலித் தட்டை உன் பெரியம்மா எடுத்துக் கொடுக்கட்டும், பூவும் பொட்டும் இல்லாதவள் பின்னால் நிற்கட்டும் என்றார்கள். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தின சத்தம் கேட்டு வெளியே வந்தால், நீ மணையைவிட்டு எழுந்து நிற்கிறாய். "எங்கம்மா எங்க? எங்கம்மா வந்து எடுத்துக் குடுத்தாத்தான் கட்டுவேன். இல்லன்னா மேளத்த மூட்ட கட்டிக்கிட்டுப் போவச் சொல்லுங்க" என்றாய். உன் பெரியப்பா அதட்டினார். பெண் வீட்டார் முகம் சுருங்கியது. நீ உட்காரவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நான்தான் தட்டை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மண்டபம் நிறைய இருந்த சொந்தக்காரர்களுக்குப் பயப்படாதவன், இன்றைக்கு முகம் தெரியாதவர்களுக்குப் பயப்படுகிறாயே. எரிச்சல் அதனால்தான் வருகிறது. உனக்குச் சொல்லத் தெரியாது என்றிருந்தால் விட்டிருப்பேன். உனக்குத் தெரியும்.

போன வாரம் போனில் என்ன சொன்னாய்? "சீசன் முடியட்டும்மா. இப்ப சொன்னா ஏமாத்திட்டாங்கன்னு கெளம்பிடுவாங்க. நல்லா ஓடிட்டு இருக்குதும்மா." நான் போனைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். அவள், "அண்ணா, ஓடுறது கடையா, அம்மாவா?" என்று கேட்டாள். நீ வைத்துவிட்டாய்.

சரி, வியாபாரமாகவே பேசுவோம். உனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவளாகக் கேட்கிறேன். நீ விற்கிறது புளியா, என் குனிந்த தலையா? இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு தடவை வாங்குவார். புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று போய்விடுவார். அடுத்த மாதம் அவருக்கு வேறு ஒரு பாவப்பட்ட ஆள் கிடைப்பார். குழம்பு வைத்து ருசி பார்த்தவர்தான் திரும்ப வருவார். முதல் வீடியோவைப் பார்த்து வாங்கினவர்கள் மறுபடியும் கேட்கிறார்கள் என்று தினேஷே என்னிடம் சொன்னான். நல்ல புளி எது என்று நான் வாயாடினதைப் பார்த்து வந்தவர்கள் அவர்கள். அவர்களை விட்டுவிட்டு எதற்காக அழுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? வீடியோவுக்கு ஆளா கிடைக்கவில்லை? மாதம்மாவைப் பேச விடு. அவளிடம் கேட்டுவிட்டு, அவள் பேரைப் போட்டுப் பேச விடு. அவள் வாய்க்கு முன்னால் என் வாயெல்லாம் ஒன்றுமே இல்லை. மரம் உலுக்குகிறதைக் காட்டு, களத்தில் காய்கிறதைக் காட்டு. உன் வீட்டுக்காரி வைக்கிற ரசத்தைக் காட்டு. என்னையும் கூப்பிடு, வருகிறேன். தலையை நிமிர்த்திக்கொண்டு வருகிறேன்.

உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள் என்கிறாய். திட்டத்தான் திட்டுவார்கள். கொஞ்சப் பேர் புளியைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள், வாங்கிக்கொள். சந்தையில் நான் வாங்காத திட்டா? ஒரு வாரம் கூச்சலாக இருக்கும், அப்புறம் அவர்களுக்கும் குழம்பு வைக்க வேண்டும். ஆனால் சீசன் முடியட்டும் என்கிறாயே, என் வயசுக்கு எந்தச் சீசன் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கே நான் போய்ச் சேர்ந்தால் நீதானே கொள்ளி வைக்க வேண்டும்? வேலைக்காரம்மாவுக்கு முதலாளியே கொள்ளி வைத்தார், என்ன மனசு என்று எழுதுவார்கள். அதற்கும் கையைக் கூப்புகிற படம் போடுவாயா?

இதை எழுதும்போது பக்கத்தில் நந்தினி அழுகிறாள். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நீ கெட்டவன் இல்லை என்று தெரிந்தே வருகிற ஆத்திரம். கெட்டவன் என்றால் ஒரேயடியாக உதறிவிட்டு இங்கேயே இருந்துவிடுவேன். செல்வி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் கடையில் குத்தகைப் பேச்சு வருகிற நேரம் இது. மரத்துக்காரர்கள் வாய்க்கு நீ ஈடு கொடுக்க மாட்டாய். உன் அப்பா மாதிரியே தலையை ஆட்டிவிட்டு வருவாய்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் செத்த வீட்டுப் பாட்டு வீடியோவை எடுத்துவிடு. கடைப் பேருக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் நான் குனிந்து உட்கார்ந்திருக்கிறேனாமே, நந்தினி பெரிதாக்கிக் காட்டினாள், அதையும் எடு. அந்த இடத்தில் ஒரு புதுப் போட்டோ போடு. மாப்பிள்ளையோடு திரும்பி வரும் வண்டியில் நீயே இங்கே வா. உன் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நீயும் சட்டையை மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நில். நந்தினி எடுப்பாள். அதற்குக் கீழே பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், ஆதரவு கேட்க வேண்டாம். "இது எங்கம்மா" என்று எழுது. தினேஷை எழுதச் சொல்லாதே, உன் விரலால் எழுது. எழுதி, எல்லாரும் பார்க்கிற மாதிரிப் போடு. நீ போட்டதை என் கண்ணால் பார்த்துவிட்டு, அன்றைக்கே உன் கூட வருகிறேன்.

உன் அம்மா